டேங்க் பெயின்ட்: 2 இன்ச் பட்டையை விட்டுவிடுங்கள்

பிரஷர் வாஷ் ட்ரெய்லரில் (தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் மெஷினையும் டேங்கையும் இழுத்துச் செல்லும் வண்டி) உள்ளே தண்ணீர் மங்கலாகத் தெரியும் வெள்ளை பிளாஸ்டிக் டேங்க் இருந்தால், பெயின்ட் அடிக்கும் முன் மேலிருந்து கீழ் வரை 2 இன்ச் மாஸ்கிங் டேப் ஒன்றை நேராக ஒட்டிவிடுங்கள். டேப்பை உரித்ததும் அந்த இடமே தண்ணீர் மட்டம் காட்டும் அளவுகோல். தனியாக கேஜ் வாங்க வேண்டாம், டேங்கில் ஓட்டை போடவும் வேண்டாம்.

பெயின்ட் எதற்கு? வெளிச்சம் உள்ளே போனால் பாசி பிடிக்கும், அது ஃபில்டரை அடைக்கும், பம்புக்குத் தண்ணீர் போதாமல் அதன் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்) போய்விடும். முதலில் கறுப்பு அடித்தால் வெளிச்சம் நிற்கும். அதன்மேல் வெள்ளை அடித்தால் வெயிலில் தண்ணீர் அவ்வளவாகச் சூடாகாது. பட்டை வெயில் படாத பக்கம் இருக்கட்டும். 20 லிட்டர் வாளியால் நிரப்பிக்கொண்டே, 100 லிட்டருக்கு ஒரு கோடு மார்க்கரில் போடுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கும் மெஷினுக்கு 300 லிட்டர் கோடு என்றால் இன்னும் இருபது நிமிடம்தான்.

இந்த பிளாஸ்டிக்கில் (பாலிஎத்திலீன்) வெறும் எனாமல் ஒட்டாது, தோல் மாதிரி உரிந்து வரும். 220 நம்பர் எமரி பேப்பரால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, பாலிஎத்திலீனுக்கு ஒத்துவரும் பிளாஸ்டிக் ப்ரைமர் அடித்தபின் பெயின்ட். அது முழுக்கக் காய்வதற்குள் டேப்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓரம் சேர்ந்தே பிய்யும்.

கறுப்பு டேங்க், ஸ்டீல் டேங்க் இரண்டுக்கும் இது பயன்படாது. வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் மாவு ஒட்டும் பழைய டேங்குக்குப் பெயின்ட் செலவே வீண்.