டொம்கேட் சேர்வரில் மெட்டாஸ்பேஸ் நிரம்பும்போது

ஹட்டனில் ஒரு சின்ன அலுவலகம், தேயிலைக் கொழுந்து நிறுவைக்கும் செக்ரோலுக்கும் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு) 2 ஜிபி மெமரியுள்ள சேர்வரில் டொம்கேட் (ஜாவா வெப் செயலிகளை ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது என்று வையுங்கள். திருத்தம் செய்து வார் ஃபைலை (முழுச் செயலியும் அடங்கிய பொதி) திரும்பத் திரும்ப ஏற்றினால் ஒருநாள் "அவுட் ஒஃப் மெமரி: மெட்டாஸ்பேஸ்" என்று நின்றுவிடும். ஹீப்பை (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) கூட்டிப் பயனில்லை. ஜாவா 8 முதல், ஏற்றிய கிளாஸ்களின் (செயலியின் கோட் துண்டுகள்) விபரம் ஹீப்புக்கு வெளியே, மெட்டாஸ்பேஸில்தான் இருக்கிறது.

ஜாவாவின் மெமரிக் கணக்கைக் காட்டும் ஜேஸ்டாட் (jstat) கருவியில் "எம்யூ" (MU, மெட்டாஸ்பேஸில் பயன்பட்ட அளவு) நிரலைப் பாருங்கள். கணக்கு கிலோபைட்டில் வரும். பிறகு டொம்கேட்டின் மேனேஜர் பக்கத்தில் "ஃபைண்ட் லீக்ஸ்" அழுத்துங்கள். அது முழு கார்பேஜ் கலெக்ஷனை (தேவையற்ற மெமரியை விடுவிக்கும் வேலை) ஓட்டும், அப்போது செயலி சற்று நிற்கலாம், ஆகவே கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். அதன் பிறகும் எம்யூ இறங்காமல், ஒவ்வொரு ஏற்றத்திலும் 60,000, 115,000, 170,000 என்று படியேறினால் பழைய கிளாஸ்லோடரை (கிளாஸ்களை ஏற்றும் பகுதி) ஏதோ பிடித்து வைத்திருக்கிறது.

பெரும்பாலும் டேட்டாபேஸ் டிரைவர்தான். அந்த ஜார் ஃபைலைச் செயலிக்குள்ளிருந்து எடுத்து டொம்கேட்டின் லிப் ஃபோல்டரில் போடுங்கள். செயலி தொடங்கிய த்ரெட் (பக்கத்தில் தனியே ஓடும் வேலை), டைமர் எல்லாவற்றையும் அது மூடும்போதே நிறுத்துங்கள்.

ஹீப்புக்கு 1 ஜிபி, மெட்டாஸ்பேஸுக்கு 256 எம்பி எல்லை போதும். கோட் கேஷ் (ஜாவா மெஷின் கோடாக மாற்றியதை வைக்கும் இடம்) 240 எம்பி வரை போகலாம், த்ரெட் ஒன்றுக்கு 1 எம்பி ஒதுக்கப்படும். மெட்டாஸ்பேஸுக்கு எல்லையே வைக்காவிட்டால் மெமரி தீர்ந்து லினக்ஸே ஜாவாவை நிறுத்திவிடும். அப்போது டொம்கேட் லொக்கில் தடயம்கூட இருக்காது.