ஸ்பீக்கர் மாற்றுவதற்கு முன் கார்க் கதவைத் திறந்து பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் ஓடும் எங்கள் டொயோட்டா விட்ஸ் காருக்கு முதலில் வாங்கிய ஸ்பீக்கர் சோடியின் ஓரம் கிழிந்து போனது. இரண்டாவது சோடியில் துரு ஏறி, ஒரு பக்கம் கரகரக்கத் தொடங்கியது. இப்போது இருக்கும் மூன்றாவது சோடி அந்த இரண்டையும் விட மலிவு. ஆனாலும் மூன்று மாரி தாண்டி வடிவாகப் பாடுகிறது. இந்த முறை முதலில் கதவைச் சரிசெய்துவிட்டுத்தான் ஸ்பீக்கரைப் பூட்டினேன். அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு கதவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

கதவுதான் பெட்டி

ஒரு ஸ்பீக்கரைப் பெட்டியில்லாமல் மேசையில் வைத்துப் பாட விட்டால் பேஸ் என்ற தாழ்ந்த, கனத்த சத்தம் காணாமல் போய்விடும். ஸ்பீக்கரின் நடுவில் அசையும் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நேரம் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஓரத்தால் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். வீட்டு ஸ்பீக்கரில் அதைத் தடுப்பது பலகைப் பெட்டி. காரில் அந்த வேலையைக் கதவு செய்ய வேண்டும். ஆனால் கதவின் உள்தகரத்தில் கை நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும், அவற்றை மூடியிருப்பது ஒரு பொலித்தீன் தாள்தான். பல இடங்களில் ஸ்பீக்கர் பூட்டும்போது அதையும் கிழித்து எறிந்துவிடுகிறார்கள்.

கழற்றுதல்

கதவின் உள்பக்க மூடியான பேனலைக் கழற்றும் முறை காருக்குக் கார் மாறும். உங்கள் மாடலின் பெயரைப் போட்டுத் தேடினால் வீடியோ கிடைக்கும். பற்றரியின் மைனஸ் வயரை முதலில் எடுத்துவிடுங்கள். ஸ்குரூ ட்ரைவரால் நெம்பாமல் பிளாஸ்ரிக் நெம்பி ஒன்று வாங்குங்கள். கிளிப் பத்து மேலதிகமாக வாங்கி வையுங்கள், பழைய கிளிப் கட்டாயம் சில உடையும்.

பல டொயோட்டாக்களில் ஸ்பீக்கரை ரிவெட் அடித்துப் பூட்டியிருப்பார்கள். துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த இரும்புத் தூள் புது ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் ஒட்டினால் கதை முடிந்தது. ஆகவே தூளை ஈரச் சீலையால் துடைத்து, பிறகு ஒட்டும் ரேப்பால் ஒற்றி எடுங்கள். அதுவரை புது ஸ்பீக்கர் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. துளையிட்ட விளிம்புகளுக்குக் கொஞ்சம் பெயின்ற் பூசுங்கள். எங்கள் உப்புக்காற்றுக்கு வெறும் தகரம் ஒரு மாரியும் தாங்காது.

தண்ணீர்: இதை நிதானமாக வாசியுங்கள்

கண்ணாடியில் வழியும் மழைநீரில் கொஞ்சம் றப்பர் பட்டியைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். எல்லாக் கார்களிலும் அப்படித்தான். அது வெளியேறுவதற்காகவே கதவின் அடி விளிம்பில் சிறிய துளைகள் வைத்திருக்கிறார்கள்.

சத்தம் தடுக்கும் பியூட்டைல் பட்டியை (றப்பர் மாதிரியான பசைத் தாள்) முதன்முதலில் ஒட்டியபோது, நன்றாக இருக்கட்டும் என்று அடிவரை ஒட்டினேன். துளைகள் மூடுபட்டுவிட்டன. கார்த்திகையில் ஒரு கிழமை விடாமல் மழை. நாவற்குழியில் பூநகரிப் பக்கம் திரும்பும்போது கதவுக்குள் சளக், சளக் என்று சத்தம் கேட்டது. வீட்டுக்கு வந்து கீழிருந்து பட்டியைக் குத்திக் கிழித்ததும் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஊற்றியது. இரண்டாவது சோடி துருப்பிடித்தது இதனால்தான்.

இப்போது செய்யும் முறை இது. கதவின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு எதையும் ஒட்டுவதில்லை. துளைகளை விளக்குமாற்று ஈர்க்கால் குத்தித் துப்புரவு செய்கிறேன். கம்பியை விட ஈர்க்கு நல்லது, பெயின்ற் உரியாது. பேனலைத் திரும்பப் பூட்டுவதற்கு முன், கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, வெளிப்பக்கம் ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே ரோர்ச் அடித்து அது எந்த வழியால் வருகிறது, ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் படுகிறதா, எந்தத் துளையால் வெளியேறுகிறது என்று பாருங்கள். எங்கள் காரில் வலது கதவில் தண்ணீர் நேரே காந்தத்தின் மேல் சொட்டியது. ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை வெட்டி, ஸ்பீக்கருக்கு மேலே தாழ்வாரம் மாதிரிச் சரிவாக ஒட்டிவிட்டேன். கூம்பின் பின்பக்கத்தை முழுதாக அடைக்க வேண்டாம், மேலே மட்டும் போதும்.

ஸ்பீக்கருக்குக் கீழே வைக்கும் வளையம் பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை நனைந்தால் ஊதிவிடும். ஸ்பீக்கரிலும் பிளாஸ்ரிக் கூம்பும் றப்பர் ஓரமும் உள்ளதையே எடுப்பேன். ஸ்பொஞ்ச் ஓரம் எங்கள் வெயிலுக்குப் பொடிப்பொடியாக உதிரும். முதல் சோடி போனது அப்படித்தான்.

ஒட்டுதல்

கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப்பட்டி மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் உருகி வழியும், காருக்குள் தார் மணக்கும். பியூட்டைல்தான் சரி. தகரத்தை ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைத்து, உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். வெளித்தகரம் முழுவதும் மூடத் தேவையில்லை. நான்கில் ஒரு பங்கு போதும். விரலால் தட்டும்போது ‘டங்’ என்று கேட்டது ‘டொக்’ என்று மாறினால் சரி.

பிறகு உள்தகரத்தின் பெரிய ஓட்டைகளை மூடுங்கள். கண்ணாடியை முழுதாக இறக்கி ஏற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் பக்க எயார்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கும். உங்கள் கார் அப்படியென்றால், தெரிந்த ஒருவரைக் கேட்காமல் ஓட்டைகளை அடைக்க வேண்டாம்.

பிளஸ், மைனஸ்

ஒரு பக்க ஸ்பீக்கரின் வயர் மாறிவிட்டால் எதுவும் எரியாது, சத்தமும் வரும். அதனால்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம். ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் கரைந்துவிடும். காரின் வானொலிச் செற்றிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் 1.5 வோல்ட் பென்ரோர்ச் பற்றரியை ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் பிளஸ் பட்ட வயர்தான் பிளஸ் என்றால், கூம்பு வெளியே துள்ளும். உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது.

காதால் பார்க்க விரும்பினால் நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போடுங்கள். தவிலின் கனத்த சத்தம் தரும் தொப்பிப் பக்கம் அடி விழும்போது நெஞ்சில் தட்ட வேண்டும். மற்ற முகமான வலந்தலையின் சொற்கள் மட்டும் தெளிவாகக் கேட்டு, தொப்பி எங்கோ கோயில் வீதிக்கு அப்பால் கேட்கிற மாதிரி இருந்தால், வயரைத் திரும்பப் பாருங்கள்.

செற்றில் செய்ய வேண்டியவை

செற்றின் பெட்டியில் 50 வாட்ஸ், நான்கு பக்கம் என்று எழுதியிருப்பதை நம்பி ஒலியை முழுதாகத் திருப்பாதீர்கள். இஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறத்தாழ 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் பார்த்தால், சாதாரண செற் ஒன்று தெளிவாகக் கொடுக்கக்கூடியது ஒரு பக்கத்துக்கு 26 வாட்ஸைத் தாண்டாது. உண்மையில் அதற்கும் குறைவு. அதற்கு மேல் திருப்பினால் அலையின் தலை வெட்டுப்படும். உயர்ந்த சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை எரிப்பது பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட சத்தம்தான். ஸ்பீக்கர் வாங்கும்போதும் பெட்டியில் பெரிதாக எழுதிய எண்ணை விட்டுவிட்டு தொடர்ந்து தாங்கும் வலுவைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணைப் பாருங்கள்.

பேஸைத் தூக்கிவிடும் பேஸ் பூஸ்ற், லவுட்னஸ் இரண்டையும் நிறுத்துங்கள். 3 டெசிபல் கூட்டினாலே இரண்டு மடங்கு வலு தேவைப்படும். மிகத் தாழ்ந்த சத்தத்தை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். பேஸ் குறையுமே என்று பயப்பட வேண்டாம், மூடிய கதவு அதைத் திருப்பித் தரும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய செற் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் எடுக்கும். எங்கள் வானொலிகளில் கனக்க அதற்கு மேலே இருக்கின்றன. அன்ரெனாவுக்கும் செற்றுக்கும் இடையில் அலைவரிசை மாற்றி ஒன்றைப் பூட்டலாம், ஆனால் அது இரைச்சலையும் கூட்டும். செற்றையே மாற்றுவது நல்லது.

பிறகு சேர்த்தது

காரைநகரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: எல்லாம் செய்தும் ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்கிறதாம். வயர் முனையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முறுக்கி ரேப் சுற்றிய இடத்தில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கடலோரம் ஓடும் கார்களில் வயரை ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள்.

இன்னொருவருக்கு அம்ப் (சத்தத்தைக் கூட்டும் தனிப் பெட்டி) பூட்டிய பிறகு, அக்சிலேட்டர் மிதிக்கக் கூடுகிற கீச்சுச் சத்தம். அவருடைய அம்பின் எர்த் வயர் பெயின்றின் மேலேயே பூட்டப்பட்டிருந்தது. சுரண்டி வெறும் தகரத்தில் பூட்டி, மேலே கிறீஸ் தடவியதும் நின்றுவிட்டது என்று எழுதினார்.

பற்றரி வைத்தும் ட்வீட்டர் அசையவில்லையே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது பழுது இல்லை. ட்வீட்டருக்கு முன்னால் உள்ள கப்பாசிற்றர் பற்றரி மின்னை விடாது. அதற்கு வயரின் நிறத்தைப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும்.