கரிம மூலக்கூறில் வினைச்செயல் தொகுதியைக் கண்டுபிடித்துப் பெயரிடுவது எப்படி?

மூலக்கூறின் வேதிக் குணத்தைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டமே வினைச்செயல் தொகுதி. ஆல்கஹால், ஆல்டிஹைடு, கீட்டோன், எஸ்டர் என்று அவற்றின் பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு, புதிய மூலக்கூறு ஒன்றின் படத்தைப் பார்த்ததும் திணறும் மாணவர்கள் நிறையப் பேர். பட்டியல் வேண்டியதுதான். ஆனால் கண் எங்கே முதலில் போக வேண்டும் என்பது தெரிந்தால்தான் அது உதவும். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் இடத்தை, அதாவது கார்பனைலை, முதலில் தேடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

படி 1: படத்தைப் படியுங்கள்

பிணைப்புகளைக் கோடுகளாகக் காட்டும் கோட்டு வரைபடத்தில், வேறு அணு எழுதப்படாத ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு மடக்கும் ஒரு கார்பன். கார்பனுக்கு 4 பிணைப்புகள். வரையாமல் விட்டவை எல்லாம் ஹைட்ரஜன். பென்சிலை எடுத்து ஆக்சிஜன், நைட்ரஜன், ஹாலஜன் அணுக்களையும் இரட்டை, முப்பிணைப்புகளையும் வட்டமிடுங்கள்.

படி 2: கார்பனைலின் அக்கம்பக்கம்

கார்பனைல் கிடைத்ததும் அந்தக் கார்பனின் இரண்டு பக்கமும் பாருங்கள். இரு பக்கமும் கார்பன் என்றால் கீட்டோன். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் கார்பனோ ஹைட்ரஜனோ என்றால் ஆல்டிஹைடு. ஓஎச் (ஓர் ஆக்சிஜன், அதோடு ஒரு ஹைட்ரஜன்) ஒட்டியிருந்தால் கார்பாக்சிலிக் அமிலம். ஆக்சிஜன் இருந்து, அதற்கு அப்பால் இன்னொரு கார்பன் தொடர்ந்தால் எஸ்டர். நைட்ரஜன் ஒட்டியிருந்தால் அமைடு.

பலரும் தடுமாறுவது இங்கேதான். கார்பாக்சிலிக் அமிலத்தைப் பார்த்து "ஒரு கீட்டோன், ஒரு ஆல்கஹால்" என்று இரண்டாக எழுதிவிடுகிறார்கள். அப்படிப் பிரிக்கக் கூடாது, ஏனென்றால் பக்கத்தில் வந்ததும் குணமே மாறிவிடுகிறது. அமிலத்தின் ஓஎச் தன் ஹைட்ரஜனை இழந்தால், மிஞ்சும் எதிர்மின் சுமையை இரண்டு ஆக்சிஜன்களும் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் ஹைட்ரஜன் எளிதில் பிரிகிறது. சாதாரண ஆல்கஹாலில் அந்த வசதி இல்லை. அமைடும் அப்படியே: நைட்ரஜனின் தனித்த எலக்ட்ரான் இணையைக் கார்பனைல் தன் பக்கம் இழுப்பதால், அது அமீனைப் போலக் காரமாக நடப்பதில்லை.

படி 3: மிச்சம் இருப்பவை

கார்பனைல் வேலை முடிந்ததா? சரி, மீதி வட்டங்களுக்கு வாருங்கள். ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள கார்பனில் ஓஎச் இருந்தால் ஆல்கஹால். பென்சீன் வளையத்தில் (ஒன்றுவிட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பாக வரையப்படும் ஆறு கார்பன் வளையம்) நேரடியாக இருந்தால் ஃபீனால். இரண்டு கார்பன்களுக்கு நடுவே ஆக்சிஜன் என்றால் ஈதர். கார்பனைல் அருகில் இல்லாத, ஒற்றைப் பிணைப்புகள் மட்டும் கொண்ட நைட்ரஜன் அமீன். பென்சீன் வளையத்தில் சேராத கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு ஆல்கீன், முப்பிணைப்பு ஆல்கைன்.

இப்போது மருந்துப் பெட்டியைத் திறக்கலாம். ஆஸ்பிரினில் பென்சீன் வளையம், இரண்டு கார்பனைல்கள். ஒன்றில் ஓஎச் ஒட்டியிருக்கிறது: கார்பாக்சிலிக் அமிலம். மற்றொன்று ஓர் ஆக்சிஜன் வழியாக வளையத்தோடு சேர்கிறது: எஸ்டர். பாராசிட்டமாலில் ஒரே கார்பனைல்தான். அதன் அருகில் நைட்ரஜன் இருப்பதால் அமைடு. வளையத்தின் எதிர்முனையில் உள்ள ஓஎச் ஃபீனால்.

படி 4: பெயரிடுதல்

ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகள் இருந்தால் முன்னுரிமை உள்ளதுதான் பெயரின் பின்னொட்டாகும். வரிசை இது: கார்பாக்சிலிக் அமிலம், எஸ்டர், அமைடு, ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன். தோற்றவை முன்னொட்டாகப் பெயரின் தொடக்கத்துக்குப் போகும்.

தயிருக்குப் புளிப்புத் தரும் லாக்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அமிலத் தொகுதியின் கார்பனையும் சேர்த்து எண்ணினால் சங்கிலியில் 3 கார்பன்கள்; அதனால் பெயரின் அடிச்சொல் 'புரப்பன்'. அதைச் சேர்க்க மறந்தால் பெயரே தப்பாகிவிடும். எண் இடுவதும் அந்தக் கார்பனிலிருந்தே தொடங்கும். ஓஎச் இருப்பது 2ஆம் கார்பனில். அமிலம் முன்னுரிமையில் வென்றதால் ஓஎச் 'ஹைட்ராக்சி' என்ற முன்னொட்டாகிறது. பெயர்: 2-ஹைட்ராக்சிபுரப்பனாயிக் அமிலம்.

அப்புறம் நீங்களே ஒன்றைச் செய்து பாருங்கள். வனிலா மணத்துக்குக் காரணமான வனிலினில் ஒரு பென்சீன் வளையம் உண்டு. அதில் ஆல்டிஹைடு தொகுதி உள்ள கார்பன் 1 என்றால், 3ஆம் கார்பனில் ஓர் ஆக்சிஜன் வழியாக மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்; அந்த ஆக்சிஜனோடு சேர்த்து முன்னொட்டு 'மெத்தாக்சி'), 4ஆம் கார்பனில் ஓஎச். தொகுதிகளைக் கண்டுபிடித்துப் பெயரை எழுதிய பிறகு சரிபாருங்கள்: ஆல்டிஹைடு, ஈதர், ஃபீனால், 4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிபென்சால்டிஹைடு.