கொழும்பு வெயிலுக்கு ஒரு வீட்டு வான்: காற்று, மின்சாரம், தண்ணீர்

வானுக்குள் படுக்கை, அடுப்பு, பிரிஜ் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரருக்கு எழுதப்பட்டவை. ஹீட்டரை எங்கே பூட்டுவது, உள்ளே இருக்கும் சூட்டை எப்படிப் பிடித்து வைப்பது என்பதுதான் அவர்கள் கவலை. கொழும்பில் இரவு பத்து மணிக்கும் 27, 28 பாகை வெப்பம் இருக்கும், ஈரப்பதன் எண்பது வீதத்துக்குக் கிட்ட நிற்கும். இங்கே முதல் வேலை சூட்டை வெளியே தள்ளுவது, இரண்டாவது ஈரத்தை உலரவிடுவது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாகனம்

டொயோட்டா ஹையேஸ், நிசான் கரவன் வகை வான்களே இங்கு கைகொடுக்கும். உதிரிப்பாகங்கள் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ வாகனம் நின்றுபோனாலும் அதில் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். சாதாரண கூரையுள்ள நீள ஹையேஸ் ஏறக்குறைய 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம். வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் அதைத் திருப்பி எடுக்கலாம். உயர்ந்த கூரையுள்ள 5.4 மீற்றர் வானை நிமிர்ந்து நிற்கலாம் என்று நம்பி வாங்காதீர்கள். அதன் உள்உயரம் 1.6 மீற்றர் அளவுதான், மாடித் தரிப்பிடங்கள் பலவற்றுக்குள்ளும் போகாது.

இருக்கைகளைக் கழற்றுவது, கூரையை மாற்றுவது போன்ற வேலைகளைத் தொடங்குமுன் நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகுதான் பிரச்சினையாக வரும்.

சூடும் ஈரமும்

ஹையேஸில் எஞ்ஜின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. நாலைந்து மணித்தியாலம் ஓடி நிறுத்தினால், அந்தச் சூடு வெகுநேரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் தலைமாட்டைப் பின்கதவுப் பக்கம் வையுங்கள். முன் இருக்கைகளுக்கும் படுக்கைக்கும் நடுவே தடித்த திரை ஒன்று போட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கூரைக்கு வெள்ளை நிறம் நல்லது. சோலார் தகட்டைக் கூரையோடு ஒட்டிப் பூட்டாமல் 4, 5 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். தகடு கூரைக்கு நிழலாகும், இடையில் ஓடும் காற்று தகட்டையும் குளிர்விக்கும். உள்ளே தகரத்தோடு ஒட்டுவதற்கு நீர் புகாத மூடிய கண் ஃபோம், குறைந்தது 10 மில்லிமீற்றர் தடிப்பில் தேவை. ரெஜிபோம் மலிவுதான், ஆனால் வாகனம் குலுங்கக் குலுங்கக் கிறீச்சிட்டு உதிரும். பஞ்சு போன்றவை ஈரத்தைக் குடித்துக்கொண்டு தகரத்தை உள்ளிருந்தே கறள் பிடிக்க வைக்கும்.

படுக்கைக்கு முழுப் பலகை போடாதீர்கள். 5 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்து, அதன்மேல் மெத்தையை வையுங்கள். முழுப் பலகைமேல் வைத்த மெத்தை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சில வாரங்களிலேயே அடியில் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரிகளுக்கு மரைன் பிளைவுட் எடுங்கள். அழுத்திய தூள்பலகை இந்த ஈரப்பதனில் ஓரம் ஊதி, திருகாணி பிடிக்காமல் போகும். திருகாணியும் பிணைச்சலும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். இவற்றையெல்லாம் பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரே சுற்றில் வாங்கிவிடலாம்.

கூரையில் துளை

கூரை விசிறி இல்லாமல் இங்கு இரவில் தூங்க முடியாது. இந்த விசிறிகளின் பொதுவான அளவு 14 அங்குலச் சதுரம். உடம்பின்மேல் காற்று ஓடினால்தான் பயன் என்பதால், விசிறி ஒரு முனையிலும் காற்று நுழையும் யன்னல் மறுமுனையில் தாழ்வாகவும் இருக்க, படுக்கை இடையில் வரவேண்டும். விசிறியைக் காற்றை வெளியே இழுக்கும் திசையில் ஓட்டுங்கள். எல்லா யன்னலையும் திறந்துவிட்டால் பக்கத்து யன்னல் காற்றையே அது இழுக்கும், படுக்கைக்கு ஒன்றும் வராது.

வெட்டும் இடத்தைக் கூரையின் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே தெரிவு செய்து, வெளிப்புறம் ஒட்டுநாடா ஒட்டி, நாலு மூலையிலும் துளையிட்ட பிறகு ஜிக்சோவால் வெட்டுங்கள். உள்ளே பொலித்தீன் விரித்துத் தூளைப் பிடியுங்கள். கூரையில் சிதறிய இரும்புத்தூளை அன்றே துடைக்காவிட்டால், ஒரு மழைக்குப் பிறகு பெயின்ற் முழுக்கச் செம்புள்ளி விழும். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்கி, கறள் தடுப்புப் பிறைமர் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்த்தவர்களின் கூரைதான் இரண்டு மழைக்காலத்தில் ஓரமாக அரித்துப்போகிறது. ஒட்டுவதற்குப் பொலியுறித்தேன் சீலன்ற் வேண்டும். திறந்ததும் வினாகிரி மணக்கும் சிலிக்கோன் வெளிவிடும் அமிலம் தகரத்தைத் தின்னும். திருகாணிகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு, பத்து நிமிடம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பாருங்கள். உள்கூரைப் பலகையை அதற்குப் பிறகுதான் பூட்ட வேண்டும்.

யன்னல்களுக்கு நுளம்பு வலை கட்டாயம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். கழிவுநீர் வாளி, பிரிஜ்ஜின் அடித்தட்டு, கதவுப் பள்ளம் எல்லாவற்றையும் வாரத்துக்கு ஒருதடவையாவது வடித்துத் துடையுங்கள்.

மின்சாரம்

முதலில் கணக்கு. 40 லீற்றர் 12 வோல்ட் பிரிஜ் ஓடும்போது 45 வாட் அளவில் எடுக்கும். கொழும்புச் சூட்டில் நாளில் பாதி நேரம் ஓடும், ஆக 540 வாட்-மணி. 15 வாட் விசிறி இரண்டு பத்து மணித்தியாலம் ஓடினால் 300. விளக்குகள் 50, கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் 150. மொத்தம் ஏறக்குறைய 1,040.

100 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரியில் 1,280 வாட்-மணி இருக்கும், அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுக்கலாம். அதே அளவு ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அதாவது கையில் வருவது 600தான், பாரமோ இரண்டு மடங்குக்கு மேல். லித்தியத்துக்குக் கொடுக்கும் மேலதிகப் பணம் வீண் போகாது. அந்தப் பற்றரியை எஞ்ஜினுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கூரையில் கிடையாகப் பூட்டிய 200 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் 700 முதல் 800 வாட்-மணி தரும். தென்மேற்குப் பருவமழைக்கால மேகமூட்டத்தில் அதில் பாதியும் கிடைக்காமல் போகலாம். குறையும் பங்கை ஓட்டத்தில் நிரப்ப வேண்டும். எஞ்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஓல்டனேற்றரை லித்தியம் பற்றரியோடு நேரே தொடுத்தால், பற்றரி அளவில்லாமல் மின்னோட்டத்தை இழுத்து ஓல்டனேற்றரைச் சூடாக்கிக் கெடுக்கும். அதற்கு நடுவில், மின்னோட்டத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 30 அம்பியர் சார்ஜர் ஒரு மணித்தியால ஓட்டத்தில் 350 வாட்-மணிக்கு மேல் ஏற்றும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேரும்போது வெறும் பற்றரியும் நிரம்பியிருக்கும்.

அதிகமானோர் பிழை விடுவது வயரில். முன்னால் இருக்கும் வாகனப் பற்றரியிலிருந்து பின்னால் இருக்கும் லித்தியம் பற்றரிக்கு 5 மீற்றர் தூரம் என்றால், போகவர 10 மீற்றர் செம்பு. 30 அம்பியரில் 6 சதுர மில்லிமீற்றர் வயர் ஏறக்குறைய 0.86 வோல்ட்டைத் தின்றுவிடும், சார்ஜர் மின்னழுத்தம் போதாதென்று நின்று நின்று வேலை செய்யும். 16 சதுர மில்லிமீற்றரில் இழப்பு 0.32தான். வயரின் இரண்டு முனையிலும், பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள், 60 அம்பியர் பியூஸ் போடுங்கள். ஒரு முனையில் மட்டும் போட்டால், நடுவில் வயர் உரசித் தகரத்தில் பட்டதும் மற்றப் பற்றரி அதைச் சிவக்கச் சுட்டுவிடும். தகரத்துக்குள்ளால் போகும் ஒவ்வொரு துளைக்கும் றப்பர் வளையம் வேண்டும்.

வெளியிலிருந்து 230 வோல்ட் எடுப்பதானால், வானுக்குள் நுழையும் இடத்திலேயே 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வையுங்கள். தகர உடம்பு ஈரத் தரையில் நிற்கிறது, நீங்கள் வெறுங்காலோடு ஏறுவீர்கள். ஏசி, இண்டக்ஷன் அடுப்பு இரண்டையும் இந்தப் பற்றரியில் ஓட்ட நினைக்காதீர்கள்.

தண்ணீர், கழிவறை

பெரிய தாங்கியை நிரந்தரமாகப் பூட்டுவதைவிட 20 லீற்றர் கேன்கள் மூன்று மேல். எந்தக் குழாயடிக்கும் கொண்டுபோகலாம், கையை விட்டுக் கழுவலாம். குடிக்கிற தண்ணீருக்கு ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். இரண்டு பேருக்குச் சமைக்க, குடிக்க, கழுவ நாளொன்றுக்கு 20 லீற்றர் போதும், குளிப்பு வேறு.

இந்தச் சூட்டில் கேனின் உட்சுவரில் பாசி விரைவில் வழுக்கும். மாதத்துக்கு ஒருதடவை, மணமூட்டாத 5 வீத பிளீச் 20 மில்லிலீற்றரை 20 லீற்றர் தண்ணீரில் கலந்து நாலு மணித்தியாலம் வைத்து, நன்றாக அலசுங்கள். சந்தேகமான தெளிந்த நீரைக் குடிப்பதற்கு அதே பிளீச் 20 லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் விட்டு அரை மணித்தியாலம் வைத்தால் கிருமி போகும். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கக் கிணற்று நீரில் இருக்கும் புளோரைட்டும், யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் இருக்கும் நைத்திரேற்றும் பிளீச்சுக்கும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. அங்கே குடிக்கச் சுத்திகரித்த நீரை வாங்குங்கள்.

கையோடு தூக்கும் 20 லீற்றர் கழிவறைப் பெட்டி, தண்ணீரால் கழுவும் நமது பழக்கத்தில் இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாளில் நிரம்பும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடை, கோயில் மடம், எரிபொருள் நிலையக் கழிவறைகளைப் பயன்படுத்தி, பெட்டியை இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நடைமுறை. கேட்டு, கழிவறையிலேயே ஊற்றுங்கள். கானிலும் ஆற்றிலும் கடலிலும் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

கேஸ்

2.3 அல்லது 5 கிலோ சிலிண்டர் போதும். நிமிர்த்தி, வாருக்குள் இறுக்கி, உட்புறத்துக்கு மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் பெட்டியின் அடித்தட்டில் வாகனத்துக்கு வெளியே திறக்கும் 5 சென்ரிமீற்றர் துளைகள் இரண்டு வேண்டும். புகைபோக்கியும் டிஃபரன்ஷலும் அந்தத் துளைகளுக்குக் கீழே வரக்கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். சமைக்கும்போது விசிறி ஓடட்டும், யன்னலும் திறந்திருக்கட்டும். ஓடும்போது வால்வு பூட்டியிருக்க வேண்டும்.

வீதியும் இரவுத் தரிப்பும்

மழைக்குத் தப்ப, மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் போங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை காலி, மாத்தறைப் பக்கம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை எங்கும் வரும். மலைநாட்டுக்குப் போகுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள், வெட்டிய சரிவுக்குக் கீழே இரவில் நிறுத்தாதீர்கள். கடற்கரையில் தென்னைக்குக் கீழே நிறுத்தக்கூடாது. கரையோரப் பயணம் முடிந்ததும் வாகனத்தின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள்.

ஹபரணைச் சுற்றிலும் புத்தல-கதிர்காமம் வீதியிலும் யானைகள் நடமாடும். மாலை ஆறு மணிக்குமுன் ஊர் மனைக்குள் போய்விடுங்கள். வாழைப்பழம், பலாப்பழ மணம் வானுக்கு யானையை அழைத்துவரும், யன்னலுக்குள் தும்பிக்கை நுழையும்.

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது, பாரம் ஏற்றிய வானுக்கு இரண்டாம் கியர்தான் முதல் பிரேக். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சூடேறும்போது கொதித்துக் குமிழாகும். அப்போது பெடல் தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருதடவை எண்ணெயை மாற்றுங்கள். எரிந்த மணம் வந்தால் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு வெடிக்கும்.