கருப்பு வெள்ளைத் தெருப்படம்: முகத்தோடு நின்றுவிடாதீர்கள்

கோவை பூமார்க்கெட்டில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் என்றால், நம் கண் நேராகப் பூக்காரம்மாவின் முகச் சுருக்கத்துக்குப் போகும். "பாவம்" என்று ஒரு பெருமூச்சு விட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம். நிறம் இல்லாவிட்டாலே சோகம் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

கூடையைப் பாருங்கள். சிவப்பு ரோஜாவும் பச்சை இலையும், நிறம் போனதும் பல சமயம் ஒரே சாம்பலாகிக் குழம்பிவிடும். மஞ்சள் செண்டுமல்லி மட்டும் வெளிறி மேலே எழும். ஃபிலிமில் எடுப்பவர் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டினால் ரோஜா வெளுக்கும், இலை கறுக்கும். பச்சை ஃபில்டரில் நேர்மாறு. உங்கள் போனில் உள்ள கலர் படம் ஒன்றை ஸ்நாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பில் கருப்பு வெள்ளையாக்கி, அதிலுள்ள கலர் ஃபில்டர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். அந்தச் சாம்பல் தானாக வந்ததில்லைங்க, எடுத்தவர் தேர்ந்தெடுத்தது.

கான்ட்ராஸ்ட், அதாவது கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், தூக்கலாக இருந்தாலே நல்ல படம் என்று நம்புவது இன்னொன்று. ஒப்பணக்கார வீதி உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியின் மடிப்பு தெரிகிறதா? நிழலில் நிற்பவரின் தலைமுடி பின்சுவரிலிருந்து பிரிந்து நிற்கிறதா? இரண்டும் இல்லையென்றால் கான்ட்ராஸ்ட் ஸ்லைடரைக் கண்டபடி இழுத்திருக்கிறார்கள். உருவத்தை வேண்டுமென்றே நிழலுருவாக விட்டிருந்தால் அது வேறு கணக்கு.

முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கைகள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட சைக்கிள், குடைக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே விட்ட விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளி மூடியிருந்தால் கம்பம் குடையிலிருந்து முளைத்தது போலிருக்கும். படத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் கண்ணை இழுக்கும் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

ஃபிலிம் படம் பொரிப்பொரியாக இருப்பதைக் குறை சொல்ல வேண்டாம். ஒளியுணர்வு 400 ஐஎஸ்ஓ உள்ள ஃபிலிமை 1600க்குத் தள்ளி, அதாவது 1600 என்றே கணக்கு வைத்து இரவில் எடுத்து, அதற்கேற்பக் கூடுதலாக டெவலப் செய்தால் அப்படித்தான் வரும்.

"ஓரம் வெட்டினால் அசல் இல்லை" என்ற பிடிவாதமும் உண்டு. வெட்டுவதையே விரும்பாத பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன், 1932இல் பாரிஸ் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தண்ணீரைத் தாண்டுபவரை எடுத்த படம் வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது.

போன் திரையில் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். வெயிலில் நின்று பார்த்தால் நிழலிலுள்ள எதுவும் தெரியாது. 12×18 அங்குலப் பிரின்டை ரெண்டடி தள்ளி நின்று பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்கு எதிரே டியூப்லைட் எரிந்தால் உங்கள் சட்டைதான் தெரியும், ஓரடி பக்கவாட்டில் நகருங்கள்.