விலையில்லா விசித்திர விளையாட்டுகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையின் நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். தலைப்பைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் "இல்லை சார்" என்ற பதில்தான் வரும். குந்தி உட்கார்ந்து அடுக்கைக் கலைத்தால், கேள்விப்பட்டே இராத ஏதோ ஒன்று கையில் மாட்டும். தனி ஒருவரோ இரண்டு மூன்று பேரோ சேர்ந்து செய்து, காசு கேட்காமல் இணையத்தில் வைத்திருக்கும் கணினி விளையாட்டுகளும் ஏறக்குறைய அப்படித்தான் கிடைக்கின்றன. தேடுபொறியில் "இலவச கேம்" என்று தட்டுபவருக்கு விளம்பரம் நிறைந்த தளங்களும், ஒரே மிட்டாய் விளையாட்டின் நூறு நகல்களும்தான் முதலில் வந்து நிற்கும். ஆகவே, நல்ல அடுக்குகள் எங்கே இருக்கின்றன, அவற்றை எப்படிக் கலைப்பது என்பதை என் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதை இலவசம் என்று கொள்வது என்பதில் தெளிவு வேண்டும். உள்ளே நுழைய விட்டுவிட்டு, வாளுக்கும் வைரத்துக்கும் பணம் பிடுங்கும் விளையாட்டுகளை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்னோட்டமாகத் தரப்படும் அரைகுறைப் பதிப்புகளையும் சேர்ப்பதில்லை. நான் சொல்வது, முழுமையாகச் செய்து முடித்து, "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வைக்கப்பட்டவை. அல்லது "விருப்பமிருந்தால் கொடுங்கள்" என்று உண்டியல் மட்டும் வைக்கப்பட்டவை.

இவற்றுக்குப் பெரிய கணினி தேவையில்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்கு வசதி. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி இன்னும் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. மின்கலம் செத்துப்போயிருந்தாலும் மின்னேற்றியைச் செருகி வைத்தபடி ஓடும் நிலையில் இருந்தால், கீழே சொல்லும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை அதில் ஆடிவிடலாம். உலாவியிலேயே ஓடுபவையாகத் தேர்ந்தெடுத்தால் நிறுவ வேண்டிய வேலையும் இல்லை. நாளுக்கு ஒன்றரை ஜிபி என்று அளந்து தரும் கைபேசித் தரவிலேயே சமாளிக்கவும் முடியும்.

தொடங்க வேண்டிய இடம் இட்ச் ஐஓ. லீஃப் கார்கரன் என்பவர் 2013இல் தொடங்கிய இந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தம் விளையாட்டை ஏற்றலாம். விலையையும் அவரே வைக்கலாம், விலையே வைக்காமலும் விடலாம். கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதால் குப்பையும் ஏராளம். ஆனால் அதே காரணத்தால்தான் வேறெந்தக் கடையும் உள்ளே விடாத கிறுக்குத்தனங்களும் அங்கே குடியிருக்கின்றன. முகப்பில் தெரிபவற்றை நம்பி உட்காராமல், விளையாட்டுகளின் பட்டியலைத் திறந்து, ஓரத்தில் இருக்கும் வடிகட்டிகளைப் பயன்படுத்துங்கள். விலை என்ற இடத்தில் இலவசத்தையும், எந்தக் கருவியில் ஓடும் என்று கேட்கும் பிளாட்ஃபார்ம் என்ற இடத்தில் வெப் என்பதையும் தேர்ந்தெடுத்தால், உலாவியில் ஆடக்கூடிய விலையில்லா விளையாட்டுகள் மட்டும் மிஞ்சும். அடுத்து, பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வடிகட்டி இருக்கிறது: ஒரு முறை ஆட எவ்வளவு நேரம் ஆகும் என்பது. அதில் சில நிமிடங்கள் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற விளையாட்டைச் செய்பவர் நம்மை நாள் முழுக்கக் கட்டிப்போட நினைப்பவர் அல்லர். சொல்ல வந்த ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர். விசித்திரங்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான் அகப்படுகின்றன.

குறிச்சொற்களையும் சரியாகப் பிடிக்க வேண்டும். ஆக்‌ஷன், பசில் போன்ற பொதுச் சொற்களில் கடலளவு கிடைக்கும், பயன் இல்லை. சர்ரியல், எக்ஸ்பெரிமென்டல், ஷார்ட், பிட்சி போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பாருங்கள். பிட்சி என்பது ஆடம் லெ டூ செய்த சிறு கருவி. அதைக்கொண்டு நிரல் எழுதத் தெரியாதவர்களும் நடந்து போய், பேசி, படித்து முடிக்கிற குட்டி உலகங்களைச் செய்கிறார்கள். பாட்டி வீட்டின் சமையலறையை நினைவிலிருந்து கட்டிவைப்பது போன்ற செயல்களுக்கு அது வாகான கருவி. பதிவிறக்க வேண்டிய விளையாட்டாக இருந்தால், பொத்தானை அழுத்தியதும் எவ்வளவு தருகிறீர்கள் என்று ஒரு பெட்டி கேட்கும். பலர் அங்கேயே பயந்து மூடிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியின் மேற்பகுதியில், "வேண்டாம், நேரே பதிவிறக்கத்துக்கு அழைத்துச் செல்" என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்குவதில் கூச்சம் வேண்டியதில்லை.

இரண்டாவது அடுக்கு, போட்டிகள். கேம் ஜாம் என்று அழைக்கப்படும் இவற்றில், ஒரு கருப்பொருளும் ஒரு கெடுவும் கொடுப்பார்கள்; அதற்குள் விளையாட்டைச் செய்து முடிக்க வேண்டும். 2002இல் தொடங்கிய லூடம் டேர் போட்டியின் கடினமான பிரிவில் ஒருவர் தனியாக, எல்லாவற்றையும் புதிதாகவே உருவாக்கி, 48 மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். குழுவாகச் செய்பவர்களுக்கு 72 மணி நேரம். இப்படி நெருக்கிப் பிடித்தால் மெருகேற்ற நேரம் இருக்காது. ஆகவே மனதில் முதலில் தோன்றிய பைத்தியக்கார யோசனையே விளையாட்டாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது ஜேஎஸ் 13கே. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை நடக்கும் இந்தப் போட்டியில், சுருக்கிய கோப்பின் அளவு 13 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. வாட்ஸ்அப்பில் நமக்கு வரும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. அந்த அளவுக்குள் படமும் இசையும் எதிரிகளும் முடிவும் அடங்கியிருப்பதை முதன்முறை பார்க்கும்போது நம்பவே முடியாது. பழைய ஆண்டுகளின் பதிவுகளும் அந்தத் தளத்தில் ஆடக் கிடைக்கின்றன என்பதால், மெதுவான இணைப்பில் தவிப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பிகோ-8 என்பதும் இதே குடும்பம்தான். திரையில் 128க்கு 128 புள்ளிகள், 16 நிறங்கள் என்று வேண்டுமென்றே குறுக்கி வடிவமைக்கப்பட்ட, கையில் பிடிக்க முடியாத, மென்பொருளாக மட்டுமே இருக்கும் ஒரு விளையாட்டுக் கருவி அது. அதன் முழுப் பதிப்பை வாங்குவதற்குத்தான் காசு. மற்றவர்கள் செய்ததை, பிகோ-8ஐ உருவாக்கிய லெக்ஸலாஃபில் நிறுவனத்தின் தளத்தில் உலாவியிலேயே ஆடுவதற்குக் காசில்லை. மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் 2015இல் நான்கே நாட்களில் பிகோ-8இல் செய்த செலஸ்ட் என்ற மலையேறும் விளையாட்டுதான், 2018இல் உலகப் புகழ்பெற்ற கட்டண விளையாட்டாக வளர்ந்தது. அந்த நான்கு நாள் செலஸ்ட் இன்றும் இலவசம்.

இதிலிருந்து ஒரு தந்திரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். தனியாட்கள் செய்து பெயர்பெற்ற ஒரு விளையாட்டு விலை அதிகம் என்று தோன்றினால், அதன் முதல் வடிவம் எங்காவது சும்மா கிடக்கிறதா என்று தேடுங்கள். குகைக்குள் இறங்கும் ஸ்பெலங்கியை டெரெக் யூ 2008இல் இலவசமாகத்தான் வெளியிட்டார். கடைகளில் விற்பது பின்னால் வந்தது. டைசுகே அமயா என்ற ஜப்பானியர் ஐந்தாண்டுகள் தனியாக உட்கார்ந்து செய்து 2004இல் வெளியிட்ட கேவ் ஸ்டோரியும் அப்படியே; பெயரோடு கூட்டல் குறி சேர்ந்து விற்கப்படுவதை வாங்கிவிட்டு, மூல விளையாட்டு விலையில்லாதது என்று பிறகு தெரிந்து வருந்தியவர்கள் உண்டு. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற குள்ளர் கோட்டை விளையாட்டுக்கு 2022 முதல் படங்களோடு ஒரு கட்டணப் பதிப்பு இருக்கிறது. எழுத்துக்குறிகளால் ஆன பழைய பதிப்பு இலவசமாகவே தொடர்கிறது, ஆனால் அதைக் கற்றுக்கொள்ள ஒரு கோடை விடுமுறை தேவைப்படும்.

மூன்றாவதாகச் சொல்வதுதான் எனக்கு அதிகம் பலனளித்த வழி: ஒரு விளையாட்டு பிடித்துப்போனால், அதோடு நிறுத்தாமல், அதைச் செய்தவரின் பக்கத்துக்குப் போங்கள். ஆளைப் பிடித்தால் ஆட்டம் பத்து கிடைக்கும். பாபா இஸ் யூ என்ற புதிர் விளையாட்டைச் செய்த ஆர்வி டெய்காரி என்ற பின்லாந்துக்காரர், ஹெம்புலி என்ற புனைபெயரில் சிறியதும் குறும்பானதுமாகப் பல விளையாட்டுகளை இலவசமாக வைத்திருக்கிறார். 2017இல் ஒரு கேம் ஜாமுக்காக அவர் செய்த பாபாவின் முதல் வடிவமும் அவற்றில் ஒன்று. நிக்கி கேஸ் என்பவரின் பக்கத்தில், நம்பிக்கை எப்படி வளர்கிறது, எப்படி அழிகிறது என்பதை அரை மணி நேரத்தில் ஆட்டமாகவே விளக்கும் ஒரு படைப்பு இருக்கிறது. அவர் தம் படைப்புகள் பலவற்றின் உரிமையைப் பொதுவில் விட்டுவிட்டதால், தமிழாக்கம் செய்ய விரும்புகிறவர்கள் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

பென்னட் ஃபாடியின் பக்கத்தையும் தவறவிடாதீர்கள். அவர் 2008இல் செய்த குவாப் விளையாட்டில், நூறு மீட்டர் ஓட்டக்காரர் ஒருவரின் இரு தொடைகளுக்கு இரண்டு விசைகள், இரு கெண்டைக்கால்களுக்கு இரண்டு விசைகள், அவ்வளவுதான். சென்ற மே மாதம் ஆதம்பாக்கத்தில் என் அக்கா வீட்டில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில், அவள் மகனிடம் அதைத் திறந்து கொடுத்தேன். முதல் அடியிலேயே ஓட்டக்காரர் மல்லாந்து விழுந்தார். இருபது முறை விழுந்த பிறகு, "மாமா, இதுல ஜெயிக்கவே முடியாதா?" என்று கேட்டான். "ஒரு முட்டியை மடக்கித் தரையில தேய்ச்சுக்கிட்டே போ, போயிடலாம்" என்றேன். அரை மணி நேரம் கழித்து, முழங்காலைத் தேய்த்தபடியே நூறு மீட்டரைக் கடந்தான். சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டான். பல கோடி செலவில் செய்த விளையாட்டுகளை அவன் வைத்திருக்கிறான். அவற்றில் எதற்கும் அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

படிக்கப் பிடிக்கிறவர்களுக்கு என்றே ஓர் அடுக்கு உண்டு. 1995 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஐஎஃப் காம்ப் என்ற போட்டிக்கு வருபவை எழுத்தாலேயே ஆன விளையாட்டுகள், எல்லாமே இலவசம். நீதிபதிகளாக இருப்பவர்கள் வாசகர்களே. ஐந்து படைப்புகளுக்காவது மதிப்பெண் போட்டால் உங்கள் மதிப்பெண்களும் கணக்கில் சேரும். ஆங்கில வாசிப்பு கொஞ்சம் கைவர வேண்டும் என்பது மட்டுமே தடை.

பள்ளி விட்டு வந்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஃபிளாஷ் விளையாட்டுகளை ஆடியவர்கள், அவையெல்லாம் போயே போய்விட்டன என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு, அவற்றை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது உண்மைதான். ஆயினும் ஃபிளாஷ்பாயிண்ட் என்ற பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய இணைய விளையாட்டுகள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. முழுத் தொகுப்பு வட்டையே விழுங்கிவிடும் என்பதால், ஆடும்போது மட்டும் அந்தந்த விளையாட்டை இறக்கிக்கொள்ளும் இன்ஃபினிட்டி பதிப்பை எடுங்கள். ஒன்றிரண்டு போதும் என்றால், ஃபிளாஷ் விளையாட்டுகளை இன்றைய உலாவியில் ஓட்டிக்காட்டும் ரஃபில் என்ற மென்பொருளின் துணையோடு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலேயே ஆடலாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த விஷயத்தில் கட்டாயம் பிடித்துப் பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், செய்தவரின் பக்கத்தைத் தேடச் சோம்பல்பட்டு, ஏதோ ஒரு தொகுப்புத் தளத்திலிருந்து ஒரு சிறு விளையாட்டை இறக்கினேன். பக்கத்தில் பச்சை நிறத்தில் நான்கு பதிவிறக்கப் பொத்தான்கள் இருந்தன. நான் அழுத்தியது தவறானதை. விளையாட்டு வரவில்லை, உலாவியின் முகப்புப் பக்கம் மாறிப்போய், விளம்பரச் சாளரங்கள் முளைத்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைச் சுத்தம் செய்வதில் கழிந்தது. அன்றிலிருந்து, செய்தவரின் சொந்தப் பக்கம் அல்லது அவர் தாமாக ஏற்றிய தளம் தவிர வேறெங்கிருந்தும் எடுப்பதில்லை. இறக்கிய கோப்பைத் திறக்கும் முன் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பல நச்சுநிரல் தடுப்பான்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். எழுபதில் ஒன்றிரண்டு மட்டும் முகம் சுளித்தால் அது பெரும்பாலும் வீண் சந்தேகம். பத்துக்கு மேல் சுளித்தால் அழித்துவிடுங்கள். விண்டோஸ் நீல நிறத்தில் எச்சரிக்கைப் பலகை காட்டுவது மட்டுமே ஆபத்தின் அடையாளம் ஆகாது. நிரலைச் செய்தவர் இன்னார் என்று உறுதிசெய்யும் கையொப்பச் சான்றிதழுக்குப் பணம் கட்ட முடியாத தனியாட்களின் நிரல்களுக்கெல்லாம் அது வரும். அதே சமயம், அப்பாவின் வங்கிக் கணக்கு திறக்கப்படும் கணினியில் முன்பின் தெரியாதவரின் நிரலை ஓட்டுவதைவிட, உலாவி விளையாட்டுகளோடு நின்றுகொள்வது நல்லது.

பிடித்ததைச் சேமித்து வைக்கவும் மறக்காதீர்கள். தளத்தின் வாடகை கட்ட முடியாமலோ மனம் மாறியோ செய்தவரே விளையாட்டை எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு பென் டிரைவை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு விளையாட்டையும் செய்தவரின் பெயரில் ஒரு கோப்புறையில் போட்டு, எந்தப் பக்கத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தேன் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். ஆடி முடித்ததும் அந்தப் பக்கத்தின் கீழே கருத்து எழுதும் இடத்தில் இரண்டு வரி எழுதுங்கள். பதினைந்து பேர் மட்டுமே ஆடிய விளையாட்டாக இருந்தால், அநேகமாக மறுநாளே செய்தவரிடமிருந்து பதில் வந்துவிடும். அந்தப் பதிலிலேயே, அவர் ரசித்து ஆடிய இன்னொருவரின் விளையாட்டு எது என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.