கடலோரத்தில் சர்க்கரை நோய்: டாக்டரிடம் சொல்லாமல் விடுபவை

சர்க்கரை ஏறினால் எல்லோரும் சோற்றைத்தான் குறை சொல்கிறார்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் அது பாதிக் கதைதான். என்ன தொழில், எந்த மாதம் எவ்வளவு வேலை என்பதை டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரை வாங்குவதுதான் இங்கே பெரிய தவறு.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை இழுத்த உடம்பு ஓய்ந்திருக்கும், சாப்பாடு குறையாது, சர்க்கரை ஏறும். மே மாதம் பார்க்கும் டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதுவார். அதே அளவோடு ஜூன் பாதியில் கடலுக்குப் போய், ராத்திரி முழுக்க வேலை செய்து, சாப்பாடும் தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். இன்சுலினிலும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளிலும் இந்த ஆபத்து அதிகம். மெட்பார்மின் மட்டும் போடுபவருக்குக் குறைவு. தடைக்காலம் தொடங்கும்போதும் முடியும்போதும் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தானாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது.

படகில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் 'போதை' என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். நோயை மறைத்ததற்கான விலை அது. கூட வருபவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் புகாத பையில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ இருக்கட்டும். 15 கிராம், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து கொடுத்து 15 நிமிடம் பொறுங்கள். தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சோறு. கடலை மிட்டாய் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கும்.

மீன் பெட்டி ஐஸில் இன்சுலினைப் புதைத்து வைப்பவர்களும் உண்டு. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகினாலும் வேலை செய்யாது. தூக்கி எறிய வேண்டியதுதான். பிரிக்காததை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கலாம், ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி, நிழலான இடம். மருந்து பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கட்டும். பிரித்த மருந்து பெரும்பாலும் 28 நாள்தான் தாங்கும்.

கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குக் காலில்தான் கவனம் வேண்டும். பல வருடச் சர்க்கரையில் கால் மரத்துவிடும். பாறை கிழித்தது கரையேறிய பிறகும் தெரியாது. 'உப்புத்தண்ணி புண்ணை ஆத்தும்' என்று அதே காலோடு மறுநாளும் இறங்குவது ஆபத்து. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில பாக்டீரியா, சர்க்கரை நோயாளியின் புண்ணில் வேகமாகப் பரவும். துணி சுற்றிய காலைவிட ரப்பர் செருப்புப் போட்ட கால் பாதுகாப்பு. கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை வேறொருவர் பார்க்கட்டும். சிவப்பு பரவினாலோ, கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கீழக்கரை, தொண்டிப் பக்கம் நோன்பு வைப்பவர்கள் ஆறு வாரம் முன்பே மருந்து நேரத்தை டாக்டரிடம் மாற்றிக்கொள்வது நல்லது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்கள் பெரும்பாலோர் கருத்து. 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

வீட்டில் நடப்பதை எந்த மருந்துச் சீட்டும் கேட்பதில்லை. மகள் கல்யாணம் முடியட்டும் என்று அம்மா நோயை மறைப்பாள். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருபவரிடம்கூட 'எனக்கில்லை' என்பாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகே தட்டெடுப்பாள், மாத்திரையோ காலையிலேயே போட்டிருப்பாள். 'அதைத் தின்னாதே' என்று நாள் முழுக்கக் காவல் காப்பதும் பயன் தராது, ஒளித்துத் தின்பதுதான் கூடும். நோயாளிக்கென்று தனிச் சமையல் வேண்டாம். வீட்டுக்கே சோறு குறைந்து, காய் கூடி, கருவாடு எப்போதாவது என்றானால் போதும். கருவாட்டு உப்பு சர்க்கரையை ஏற்றாது, ரத்தக்கொதிப்பை ஏற்றும். சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை.